சுவருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

"ஜிப்சம் பார்ட்டிஷன், ஃபினிஷிங்கோடு சதுர அடிக்கு இவ்வளவு." ஒரு அறையை இரண்டாக்க நினைக்கும் குடும்பத்துக்கும், வாடகைக் கட்டடத்தில் கிளினிக்கோ டியூஷன் சென்டரோ போடுகிறவருக்கும் கிடைக்கிற கொட்டேஷன் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். போர்டு எந்தக் கம்பெனி என்று நாம் கேட்போம். பெயர் பெற்ற கம்பெனியைத்தான் அவரும் சொல்வார். அந்தப் போர்டைத் தாங்கி நிற்கிற தகரச் சட்டத்தின் தடிமன் என்ன, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று நிறுத்தப் போகிறார், மேலே எதில் போய் முடிகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பணம் மிச்சம் பிடிக்கப்படுவதும் அங்கேதான்.

முறையில் குறை இல்லை. தரையில் ஒரு சேனல், மேலே கான்கிரீட் ஸ்லாப்பில் ஒரு சேனல், இரண்டுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக துத்தநாகம் பூசிய ஸ்டட், இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரும்புச் சட்டத்தைக் கரையான் தின்னாது. தண்ணீர் ஊற்றி நாள்கணக்கில் ஆற்ற வேண்டியதில்லை. அலுவலகங்கள் இதற்கு மாறியது நியாயமான காரணங்களுக்காகத்தான். ஆனால் செங்கல் சுவரில் மேஸ்திரி என்ன செய்கிறார் என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும். இங்கே இரண்டாம் பக்கப் போர்டு ஏறிய மறுகணம் எல்லாம் மறைந்துவிடும். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு நல்ல சுவரும் மோசமான சுவரும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் சிக்கல் தடிமன். நல்ல பார்ட்டிஷன் ஸ்டட் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 0.55 மி.மீ. வாக்கில் இருக்கும். அதற்குப் பதில் 0.40-ம், இன்னும் மெலிந்ததும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. விரலால் தடவிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தராசு கண்டுபிடித்துவிடும். ஒரே அளவு, ஒரே நீளமுள்ள ஸ்டட்டில் 0.55-க்குப் பதில் 0.40 வந்தால் எடையில் கால் பங்குக்கு மேல் குறையும். வந்து இறங்கிய கட்டிலிருந்து ஒன்றை உருவி, மளிகைக் கடையில் நிறுத்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வேலைக்காரர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

தடிமனுக்கு அடுத்தது துத்தநாகப் பூச்சு. உள்சுவர் ஸ்டட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் என்பது வழக்கமான அளவு. இரண்டு முகத்தையும் சேர்த்த கணக்கு இது. ஒரு முகத்துக்கு எட்டரை மைக்ரான்தான் தேறும். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்று வீசும் வீட்டில் இதிலும் குறைந்தால், சில ஆண்டுகளில் ஸ்க்ரூவைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிய ஆரம்பிக்கும். கடலோரத்திலும் ஈரமான இடத்திலும் கனத்த பூச்சு கேட்டு வாங்குவதே சரி. துத்தநாகம் பூசிய தகட்டுக்கு ஐ.எஸ். 277, ஜிப்சம் போர்டுக்கு ஐ.எஸ். 2095 என்று இந்தியத் தர அளவுகள் உண்டு. இந்த எண்களைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற ஒப்பந்ததாரரைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை.

ஸ்டட்டுக்கு ஸ்டட் இரண்டடி என்பது பொதுவான இடைவெளி. அதை இரண்டரை, மூன்றடியாக இழுத்துவிட்டால் சுவர் அதிரும், ஜாயின்ட் விரியும், கதவைச் சாத்தும்போதெல்லாம் பட்டி உதிரும். கதவு நிலைக்கு இருபுறமும் இரட்டை ஸ்டட் வேண்டும். டிவி, கீசர், சமையலறை அலமாரி, பாத்ரூம் கைப்பிடி எங்கே வரப்போகிறது என்பதை முன்பே சொல்லி, அந்த இடத்தில் போர்டுக்குப் பின்னால் பிளைவுட் வைக்கச் செய்ய வேண்டும். வெறும் போர்டில் ராவல் பிளக் அடித்துக் கீசரை மாட்டினால், விழுவது எந்த நாளில் என்பது மட்டுமே கேள்வி.

இதையெல்லாம் விடத் தீதான் எனக்குக் கவலை தருகிறது. "ஜிப்சம் போர்டு எரியாது சார்" என்பார்கள். பாதி உண்மை. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, உள்ளேயே பிணைந்திருக்கும் நீர். அது ஆவியாகித் தீரும் வரை பின்புறம் அதிகம் சூடேறாது. தீர்ந்த பிறகு போர்டு நொறுங்கும், மெல்லிய இரும்பு சில நிமிடங்களில் பழுக்கும். 550, 600 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். ஆகவே 'ஒரு மணி நேரம் தீ தாங்கும்' என்ற சொல் போர்டுக்கு மட்டும் பொருந்தாது. இன்ன தடிமன் போர்டு, இன்ன ஸ்டட், இன்ன இடைவெளி, இப்படி ஸ்க்ரூ, இப்படி ஜாயின்ட் என்று மொத்தச் சுவராகச் சோதித்துத் தரும் சான்று அது. ஒன்றை மாற்றினாலும் சான்று செல்லாது.

அதைவிடப் பெரிய ஓட்டை மேலே இருக்கிறது. செலவைக் குறைக்க, பார்ட்டிஷனை ஃபால்ஸ் சீலிங் வரை மட்டும் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். கீழிருந்து பார்த்தால் முழுச்சுவர். சீலிங்குக்கு மேலே எல்லா அறைகளும் ஒரே கூடம். புகை அந்த வழியாக மாடி முழுக்கப் பரவும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்திலும் நோயாளிகள் படுத்திருக்கும் இடத்திலும் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவர் ஸ்லாப்பைத் தொட வேண்டும்; வயரும் ஏ.சி. பைப்பும் நுழையும் துளைகளைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும். பக்கத்து அறைப் பேச்சு கேட்கிறது என்ற புகாருக்கும் பாதிக் காரணம் இந்த இடைவெளிதான். மீதிக் காரணம், உள்ளே வைப்பதாகச் சொல்லி வைக்காமல் விட்ட கண்ணாடிப் பஞ்சு.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்டட்டின் துளை விளிம்பு கத்திபோல இருக்கும். வயரை வெறுமனே இழுத்தால் தோல் கிழிந்து, சுவரின் எலும்பு முழுவதும் மின்சாரம் ஏறும். பி.வி.சி. பைப்புக்குள்தான் வயர் போக வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஈரமான இடங்களுக்கென்று விற்கப்படும் பச்சை நிற ஜிப்சம் போர்டு ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் புகுகிற தரைத்தளத்தில் ஜிப்சம் போர்டு திரிபோல ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். அங்கே கீழ்ப்பகுதிக்காவது சிமென்ட் போர்டு போடுவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். இலகு இரும்புச் சட்டத்தில் முழு வீடே கட்டலாம் என்பது உண்மை. மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் அகர்தலாவில் 1,000 குடியிருப்புகளுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது பாரம் தாங்கும் சட்டம். தகட்டின் வலிமை வேறு, வடிவமைப்புக் கணக்கு வேறு, அதற்கான ஐ.எஸ். 801 விதிமுறை வேறு. பார்ட்டிஷன் ஸ்டட்டை வைத்து மொட்டை மாடியில் அறை எழுப்பித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். மாடியில் கூடுதல் அறைக்குக் கட்டட அனுமதியும் வேண்டும். இரும்பில் கட்டினாலும் அது கட்டடம்தான்.

இனி, ஏமாந்தவருக்கு என்ன வழி? பில்லிலிருந்து ஆரம்பிக்கலாம். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. "பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்" என்ற பேச்சில் மயங்கினால், பிறகு வழக்காட அடித்தளமே இருக்காது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: ஒரு பக்கப் போர்டு ஏறியதும் வேலை நிற்கும், ஸ்டட், வயரிங், பஞ்சு, பிளைவுட் எல்லாவற்றையும் பார்த்துப் படமெடுத்த பிறகுதான் அடுத்த தவணை, அடுத்த போர்டு. படத்தில் அளவு டேப்பும் தெரிய வேண்டும். கடைசிப் பத்து சதவீதத்தைச் சில மாதம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்வதும் நியாயமான கோரிக்கையே.

பில்டரிடம் வாங்கிய புதிய ஃபிளாட்டில் இந்தச் சுவர் இருந்தால் ரெரா சட்டம் துணைக்கு வரும். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியும் குறையை, நீங்கள் சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது பில்டரின் கடமை. செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம்.

நீங்களே ஆள் வைத்துச் செய்த வேலைக்கு நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். சில பேர் அதற்கே இறங்கி வந்துவிடுவார்கள். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஒப்பந்ததாரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குறை தோன்றியதிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை இதில் வராது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு கடைக்காரருக்கும் கிளினிக் மருத்துவருக்கும் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. பெரிய அலுவலகம் என்றால் 3 லட்சத்துக்கு மேற்பட்ட தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை கேட்காத வழக்காக இருந்தால் அதற்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

பலர் வழக்கில் தோற்பது சட்டம் தெரியாமல் அல்ல, கோபத்தில் சுவரை இடித்துவிட்டு வழக்குப் போடுவதால்தான். முதலில் எழுத்தில் நோட்டீஸ். ஸ்பீட் போஸ்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். சரிசெய்யப் பதினைந்து நாளோ ஒரு மாதமோ அவகாசம் கொடுங்கள். ஆணையம் அனுப்பும் பொறியாளர் வந்து பார்க்கச் சுவர் அங்கே நிற்க வேண்டும். பாதுகாப்புக் கருதி உடனே அகற்றியே தீர வேண்டுமென்றால், வேறொரு பொறியாளரை வைத்து முழுவதையும் வீடியோ எடுத்து, அவர் அறிக்கையை வாங்கிவையுங்கள். ஆளுயர ஸ்டட் ஒன்றையும், அதை நிறுத்த எடைச்சீட்டையும் பரணில் போட்டுவையுங்கள்.