நகர வணிக வளாகமும் நமது சங்கங்களும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுக்குழுக் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். அருகிலுள்ள நகரின் புறத்தே பெரியதொரு வணிக வளாகம் அமைக்கும் யோசனை எழுந்துள்ளது என்று தலைவர் தெரிவித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “வளாகம் வந்தால் சர்க்காருக்கு வருமானம் பெருகும் என்கிறார்கள். என் தறிக்கு என்ன வரும், ஐயா?” என்று நம்மை வினவினார். சிலர் நகைத்தனர். எனினும் அது நகைத்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. அன்று சுருங்கச் சொன்ன விடையை இங்கே விரித்துரைக்கிறோம்.

முதலில் சர்க்காரின் வருமானத்தைப் பார்ப்போம். வெற்று நிலத்தில் கடைகள் எழுந்தால் சொத்துவரியும் தொழில்வரியும் நகராட்சிக்குச் சேரும். நிலமும் கடையும் கைமாறும்போது முத்திரைத்தாள் கட்டணம் மாநில அரசுக்கு வரும். 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியும், துணி போன்ற பண்டங்களின் விற்பனை வழியே பெருகும். இவ்வருவாயிலிருந்தே சாலையும் குடிநீரும் விளக்கும் வரவேண்டும். ஆகவே வளாகத்தால் பொதுநிதிக்கு ஆதாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இதற்குச் சென்னைக் கோயம்பேடு நாமறிந்த சான்று. முன்னாளில் காய்கறி மொத்த வாணிபம் கொத்தவால்சாவடியின் குறுகிய தெருக்களில் நடைபெற்றது. வண்டி நுழைய வழியின்றிச் சரக்கு வாடிற்று. பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் வளாகம் எழுப்ப, 1996இல் வாணிபம் அங்கு மாறியது. காய், கனி, பூ ஆகியவற்றிற்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் அமைந்தன. குறிப்பிட்ட பண்டங்களின் மொத்த வாணிபம் எவ்விடத்தில் நடைபெறவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்த அவ்வாண்டில் சட்டமும் இயற்றப்பட்டது. லாரிகள் நேரே வந்து சரக்கிறக்க வழி பிறந்தது. சுமை தூக்குவோர் முதல் சிறு கடைக்காரர் வரை பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது.

ஆயினும் விளைவித்தவனின் கணக்கு வேறு. நூறு ரூபாய்க்கு விலைபோன காயில் தரகு பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு விலை எல்லாம் கழியவேண்டும். சந்தை இடம் மாறியதனால் மட்டும் இக்கழிவுகள் மறைந்துவிடவில்லை. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்ற பழமொழி புதிய கட்டடத்திலும் உயிருடன் இருக்கிறது. உழவரே நேரில் விற்கும் உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கப்பெற்றதும் இக்குறையை நீக்கவே. மேலும், 2020 மே மாதத்தில் கொள்ளைநோய் பரவிக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வாணிபம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரே சந்தையை நம்பியிருப்பதன் அபாயத்தை நமக்கு உணர்த்திய பாடம் அது.

இனி, மும்பையின் பாந்திரா–குர்லா வளாகத்தைக் காண்போம். அங்கே பெருநகர வளர்ச்சி ஆணையம் மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, அப்பணத்தைப் பெருநகரப் பகுதியின் பொதுப்பணிகளுக்குப் பயன்படுத்துகிறது. நிலம் பொதுவுடைமையாக நிற்க, அதன் மதிப்பு பொதுமக்களுக்கே திரும்புகிறது. அவ்வளாகத்திலேயே வைர வணிகர்கள் தாமே ஓர் அமைப்பாகக் கூடி இடம்பெற்று, தமக்கென ஒரு சந்தையை எழுப்பினர். 2010இல் அது திறக்கப்பட்டது. செல்வம் படைத்த வணிகருக்கே கூடிச் செயலாற்றுதல் அவசியமாயிற்று என்றால், ஒரு தறியும் அரை ஏக்கர் நிலமும் உடைய நமக்கு அது எத்துணை அவசியம்!

ஆகவே, தத்தம் பகுதியில் இத்தகைய யோசனை எழும்போது சங்க நிர்வாகக் குழுக்கள் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, திட்டம் வரைபடமாக இருக்கும்போதே மனுச்செய்து, கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடைகளும் குளிர்பதனக் கிடங்கும் ஒதுக்கக் கோருதல். கட்டி முடிந்த பின் கேட்டால் ஓர் ஓரமே எஞ்சும். இரண்டாவது, நிலம் தரும் விவசாயிக்கு ஒருமுறைப் பணத்தோடு நில்லாமல், வளாகத்தில் உரிமையும் கிடைக்க வழி கோருதல். மூன்றாவது, கடைக்கு வேண்டிய மூலதனத்தை இப்போதிருந்தே லாபத்தில் ஒரு பகுதியாக ஒதுக்கிவைத்தல். பங்கீடு சற்றுக் குறைந்தாலும் அங்கத்தினர் இதனைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இது நமக்குப் புதிய பாதையன்று. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் நெசவாளர் தலைமைச் சங்கத்தை 1935இல் தோற்றுவித்த முன்னோர், நெய்தவரின் துணி நெய்தவரின் சங்கப் பெயராலேயே விலைபோகும் வழியைக் காட்டிச் சென்றுள்ளனர்.

அம்முதியவருக்கு நமது விடை இதுவே: பெரியவரே, வளாகம் தானாக உங்கள் தறிக்கு ஒன்றும் கொண்டுவராது. அதில் உங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை ஒன்று தொங்குமாயின், தரகருக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி உங்கள் வீட்டுக்கு வரும். அப்பலகையை மாட்டும் பொறுப்பு சர்க்காரினுடையது மட்டுமன்று. அடுத்த பொதுக்குழுவில் கை உயர்த்தவேண்டிய நம் ஒவ்வொருவருடையதுமாகும்.