கொத்தும் ஒழுகும்

ஸ்ரீரங்கத்தில் எந்தக் கைங்கரியத்தை எந்தப் பிரிவினர் செய்ய வேண்டும் என்று வரையறுத்த ஸ்ரீராமாநுஜர், அதுவரை ஐந்தாக இருந்த கோயிற் பரிசனங்களைப் பத்துக் கொத்தாக விரித்தார் என்று கோயில் நடைமுறைகளைப் பதிவுசெய்த ஏடான கோயிலொழுகு கூறுகிறது. வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில், பரமபத வாசலுக்கு முன் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும் பக்தனுக்குத் தீவட்டி பிடிப்பவர் இன்னார் என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் தீவட்டி இருந்தால் போதும்.

காவிரிக்குத் தெற்கே, நவல்பட்டு எல்காட் பூங்கா போன்ற இடங்களில் கம்ப்யூட்டர் தொழில் செய்யும் இளைஞர்கள் ‘கிளஸ்டர்’ என்று சொல்வதும் அர்த்தத்தில் கொத்துதான்: பல சர்வர்களை ஒன்றாகப் பிணைத்து, ஒரே யந்திரம்போல் நடத்தும் ஏற்பாடு. ஒரு மென்பொருளை, அது இயங்குவதற்கு வேண்டிய உபகரணங்களோடு சேர்த்து மூட்டை கட்டினால் அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். 1956-ல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கொண்டுசென்றதிலிருந்து பரவிய கப்பல் வழக்கின் பெயர் அது. இந்த மென்பொருள் பெட்டிகள் நூறும் ஆயிரமுமாகப் பெருகியபோது, எதை எந்த யந்திரத்தில் வைப்பது என்று தீர்மானிக்க ஒரு நிர்வாகி தேவைப்பட்டான். அவனே 2014-ல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள்.

இந்த நிர்வாகியிடம் ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று கட்டளையிடுவதில்லை. முடிவில் எந்த ஸ்திதி நிலவ வேண்டுமோ அதை யாமல் என்னும் எளிய நடையில் ஓர் ஒழுகாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம்: இந்தச் செயலிக்கு நான்கு பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம் என்று. ஒரு சர்வர் நள்ளிரவில் படுத்துவிட்டால், எழுதியது நான்கு, இருப்பது மூன்று என்பதைக் கண்டு, எவரையும் எழுப்பாமல் வேறொரு சர்வரில் நான்காவதை அதுவே தொடங்கிவைக்கிறது. புதிய பதிப்பை ஏற்றும்போதும், நாம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், காற்பங்குக்கு மேற்பட்ட பிரதிகளை ஒரே சமயத்தில் விலக்குவதில்லை. மற்றப் பழையவை, புதியவை தயாராகத் தயாராக ஓய்வுபெறுகின்றன. ஆனால் ‘தயார்’ என்பதற்கு இலக்கணம் என்ன என்பதை நாம் எழுதியிருக்க வேண்டும்; எழுதாவிட்டால், கண் விழித்தவுடனேயே வேலைக்குத் தகுதி வந்துவிட்டதாக அது கருதிவிடும். அனுபவசாலிகளும் மறக்கும் வரி இதுதான்.

எழுதியதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும் சேவகனிடம் பிழையாக எழுதிக் கொடுத்தால் விபரீதமும் அட்சரம் பிசகாமலே நடக்கும். போதாத நினைவகத்தை வரம்பாக எழுதினால், செயலி எழும், வரம்பை மீறும், கொல்லப்படும். பத்து, இருபது, நாற்பது விநாடி என்று ஐந்து நிமிஷம் வரை இடைவெளி வளர, மறுபடியும் மறுபடியும் எழுந்து மடியும். யாமலில் வரிகளை உள்தள்ள இடைவெளி உதவும், டேப் உதவாது. இதில் ஒரு பிற்பகலைத் தொலைக்காதவர் அபூர்வம். இன்னொன்று: ‘சீக்ரெட்’ என்ற பெயரில் வைக்கும் கடவுச்சொல் இயல்பாகப் பூட்டப்படுவதில்லை, வேறு லிபியில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

சின்னக் கடை வீதியில் வியாபாரம் செய்யும் அன்பர் எவரேனும், தம் கடையின் இணையதளத்துக்கும் இந்த ஏற்பாடு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒரு சர்வரும், ராத்திரிதோறும் தவறாமல் எடுத்து வைக்கும் ஒரு நகலும் அவருக்குப் போதும்.