இடைவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சி: இதய நோயாளிகளுக்கு ஏற்றதா?

மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியவர்கள் அண்மைக் காலமாக எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: கைப்பேசியில் காட்டப்படும் 'ஹிட்' பயிற்சியை நாங்களும் செய்யலாமா? சிறிது நேரம் கடுமையாக உழைத்து, சிறிது நேரம் தணிந்து, மீண்டும் உழைக்கும் முறை அது.

நலிந்த இதயத்துக்குக் கடும் உழைப்பு ஆகாது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. நார்வேயின் டிரொண்ட்ஹெய்ம் நகரில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு அதனை அசைத்தது. இதயச் செயலிழப்பு உடைய 27 பேர் அதில் பங்கேற்றனர். சராசரி வயது 75. ஒரு பிரிவினர் ட்ரெட்மில்லை ஏற்றமாக வைத்து 4 நிமிடம் விரைந்து நடந்தனர். பின் 3 நிமிடம் மெதுவாக நடந்தனர். இவ்வாறு நான்கு சுற்றுகள், வாரம் மூன்று நாள், 12 வாரங்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு அவர்களுக்கு 46 விழுக்காடு உயர்ந்தது. ஒரே சீராக நடந்தவர்களுக்கு உயர்ந்தது 14 விழுக்காடே.

இதில் அந்த 3 நிமிடங்களே முக்கியமானவை. அவ்வேகத்தில் 16 நிமிடம் தொடர்ந்து நடக்க அந்த இதயங்களால் இயலாது. இடையில் மூச்சும் தசையும் தணிவதால்தான் அடுத்த சுற்று கைகூடுகிறது. அப்போது உட்கார்ந்துவிடலாகாது. சட்டென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரக்கூடும்.

ஆயினும் 2017-இல் 261 நோயாளிகளைக் கொண்டு வெளியான பெரிய ஆய்வில், மிதமான பயிற்சியைவிட இம்முறை மேலானதாகத் தெரியவில்லை. தீவிரப் பிரிவில் ஏறத்தாழப் பாதிப் பேர் வகுத்த வேகத்தை எட்டவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே நாள்தோறும் நடைப்பயிற்சி மட்டும் செய்பவர்கள் எதையோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

விரும்புவோர் முதலில் மருத்துவரைக் கண்டு, டிரெட்மில் சோதனை தேவையா எனக் கேளுங்கள். தொடக்கப் பயிற்சிகள் மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே நடக்கட்டும். அடிக்கடி மாறும் நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கடுமையான வால்வுச் சுருக்கம் உள்ளவர்களுக்கு இது கூடாது. மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால், வயதைக் கொண்டு கைக்கடிகாரம் காட்டும் இலக்கை நம்ப இயலாது. மூச்சே அளவுகோல்: வேகச் சுற்றின் முடிவில் இரண்டொரு சொல் பேச முடிய வேண்டும், முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் போதவில்லை. நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ படபடப்போ தோன்றினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

உடன் வருபவர்கள் நேரம் பார்த்துச் சொல்லலாம். "இன்னும் கொஞ்சம்" என்று தூண்ட வேண்டாம்.