மாதுளையைத் தாக்கும் 'தேல்யா': ஆன்டிபயாடிக் அடித்தால் போதுமா?

இந்தியாவில் மாதுளை அதிகம் விளையும் மாநிலம் மகாராஷ்டிரா. அங்கே சோலாப்பூர், நாசிக் விவசாயிகளைப் பயமுறுத்தும் நோய் 'தேல்யா'. மராத்தியில் 'தேல்' என்றால் எண்ணெய். இலையிலும் பழத்திலும் எண்ணெய் பட்டது மாதிரி கரும்புள்ளி விழும். அப்புறம் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை நீங்கள் கடையில் தொடுவீங்களா? விவசாயியின் நஷ்டம் அங்கேதான்.

எப்படிப் பரவுது?

காரணம், சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. மழைத்துளி தெறிப்பது, கவாத்துக் கத்தரி, நோயுள்ள கன்று ஆகியவை வழியாகப் பரவும்.

ஆன்டிபயாடிக் தெளிச்சா?

பல காலமாகத் தெளித்தது ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவை. இதில் ஸ்ட்ரெப்டோமைசின் மனிதர்களின் காசநோய்க்கான மருந்தும்கூட. தோட்டத்தில் அடிக்க அடிக்க, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகலாம். இவை இரண்டையும் விவசாயத்தில் தடை செய்ய 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது.

அப்போ வழி என்ன?

• நோயில்லாத கன்றுகளை நடுவது.
• மழைக்காலத்தில் காய் வராதபடி பருவத்தை மாற்றுவது.
• புள்ளிக்குக் கீழே 2 அங்குலம் சேர்த்துக் கிளையை வெட்டி எரிப்பது.
• ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியைக் கிருமிநாசினியில் நனைப்பது.
• போர்டோ கலவை தெளிப்பது. இது புதுத் தொற்றைத் தடுக்கும். உள்ளே நுழைந்ததைக் குணப்படுத்தாது.

இதில் எதுவும் ஒரே நாளில் பலன் தராது. பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் மரம் தப்பும்.