பெருங்குளவியை வென்ற பொதுமக்கள்

வேற்று நாட்டினின்றும் வந்து குடியேறும் பூச்சியை ஒழித்தல் எளிதன்று. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வாஷிங்டன் மாநிலத்தார் அதனைச் செய்துகாட்டினர். அவ்வெற்றியிற் பொதுமக்களுக்கிருந்த பங்கை ஈண்டு எடுத்துரைப்பாம்.

வட பெருங்குளவி கிழக்காசியாவுக்குரியது. உலகக் குளவிகளுள் மிகப் பெரியது. அதன் அரசி ஏறக்குறைய 2 அங்குல நீளமுடையது. அகன்ற செம்மஞ்சள் தலையும், கரிய மார்பும், பட்டையிட்ட வயிறும் அதன் அடையாளங்கள். கோடையின் பிற்பகுதியில் இக்குளவிகள் கூட்டமாகத் தேன்கூட்டின்மேற் படையெடுத்துத் தேனீக்களின் தலைகளைத் துண்டித்து, சில மணி நேரத்துள் கூட்டையே அழித்துவிடும். உள்ளிருக்கும் புழுக்களைத் தம் குஞ்சுகளுக்கு இரையாகக் கொண்டு செல்லும்.

ஜப்பானியத் தேனீக்கள் இப்பகையைப் பந்துபோற் சூழ்ந்து, ஏறக்குறைய 46 பாகை செல்சியஸ் வெப்பத்தை உண்டாக்கிக் கொல்கின்றன. நம் இலங்கைத் தேனீயும் அவ்வினத்ததே. அமெரிக்காவில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீக்கோ அத்துணை வல்ல தற்காப்பு இல்லை. அது குன்றினால் மகரந்தச் சேர்க்கை குன்றும். அம்மாநிலத்தின் ஆப்பிள் தோட்டங்களும் நலிவுறும்.

2019 டிசம்பரில் பிளேன் நகரருகே வசித்த ஒருவர் இப்பூச்சியைக் கண்டு மாநில விவசாயத் திணைக்களத்துக்கு அறிவித்தார். 2020 அக்டோபரில், பிடிபட்ட குளவிகளின் உடலிற் சிறிய வானொலிக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டனர். அதன் சைகையைப் பின்தொடர்ந்து, மரப்பொந்திலிருந்த முதற் கூட்டைக் கண்டு அகற்றினர். 2021 ஆகஸ்டில் ஊரவர் ஒருவர் அனுப்பிய செய்தி அடுத்த கூட்டுக்கு வழிகாட்டிற்று. அவ்வாண்டில் மேலும் 3 கூடுகள் அழிக்கப்பட்டன. பின்னர் ஒன்றேனும் தென்படாமையால், 2024 டிசம்பரில் இப்பகை ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் உறுதிசெய்யப்பட்ட கண்டுபிடிப்புகளுட் பாதி பொதுமக்கள் தந்தவையே.

இதனின்று நாம் கொள்ளத்தக்கன சில. புதிய பூச்சியொன்றைக் காணின், அதன் தலை, மார்பு, வயிறு ஆகியவற்றின் நிறத்தையும் அளவையும் குறித்தல் வேண்டும். பாதுகாப்பான தூரத்தில் நின்று படம் எடுத்து, இடத்தையும் நாளையும் சேர்த்து உரிய திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். கூட்டை நெருங்குதலும் கலைத்தலும் ஆகா. ஐயத்தால் உள்ளூர்க் குளவிகளைக் கொல்லுதலும் தகாது. பயிரை அரிக்கும் புழுக்களைத் தின்று அவை நமக்கு உதவுகின்றன.

பிளேன் நகரருகே அந்த ஒருவர் வாளாவிருந்திருப்பின், கூடுகள் பல்கியபின்னரே பகை வெளிப்பட்டிருக்கும். விலங்கியல் பயிலும் நம் மாணவர் இதனை மனங்கொள்வாராக.