கடனும் மன்னிப்பும்

பதுளை நகரைச் சூழ்ந்து, பசறை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய இடங்களை நோக்கி உயர்ந்து செல்லும் மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் பல உள. அவற்றில் வாழும் தமிழ் மக்களுள் கிறிஸ்தவர் சிறுதொகையினரே. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கூடும் அவர்கள், பிறர்க்குத் தாம் மன்னிப்பதுபோலத் தமக்கும் மன்னித்தருளுமாறு இறைவனை வேண்டுகின்றனர். மத்தேயுவின் சுவிசேஷத்தில் அவ்வேண்டுதலுக்கு அமைந்த சொல் 'கடன்' என்பதாகும். பிறர் இழைத்த தீங்கு ஒரு கடன். மன்னிப்பாவது அக்கடனினின்றும் அவரை விடுவித்தல்.

கடன் என்னும் சொல்லின் பாரத்தை மலையக மக்கள் நன்கு அறிவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் வழிச்செலவும் முன்பணமும் அவன் பெயரிலே கடனாக எழுதப்பட்டன. அவன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை செலுத்தப்படின் இவனை விடுவிப்போம் என எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். ஆனால் கடன் அங்கும் அவனைத் தொடரும். தோட்டம் மாறினும் தளை மாறவில்லை. இம்முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

இத்தகைய தளையையே இயேசு பெருமானும் ஓர் உவமையிற் காட்டினார். சகோதரனுக்கு எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவியபோது கூறப்பட்டது அது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன் தவணை கேட்டுக் கெஞ்சினான். அரசனோ தவணை கொடாது, முழுக் கடனையுமே தள்ளிவிட்டான். வெளியே வந்த அவ்வூழியன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டியிருந்த உடன் ஊழியனைக் கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையிலிடுவித்தான். அதனை அறிந்த அரசன் தான் அளித்த மன்னிப்பை மீளப்பெற்றான்.

அக்காலத்தில் ஒரு வெள்ளிக்காசு கூலியாளின் ஒருநாட் சம்பளம். பதினாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாட் சம்பளம். எவராலும் தீர்க்க முடியாத தொகை. அதன்முன் நூறு காசு அற்பமாகத் தோன்றும். எனினும் நூறு நாட் சம்பளம் ஏழைக்கு அற்பமன்று. கொழுந்தின் நிறை குறைந்தது என்று 'அரைப் பேர்' போடப்பட்ட நாளில், அந்தப் பாதிச் சம்பளத்தின் அருமை லயத்து அடுப்புக்குத் தெரியும். ஆகவே, பிறர் செய்த தீங்கு சிறியது என்று இவ்வுவமை சொல்லவில்லை. தீங்கு மெய், இழப்பும் மெய். ஆயினும் தான் பெற்ற மன்னிப்பு அதனினும் பெரிது என்று உணர்ந்தவனே பிறரை மன்னிக்க வல்லவனாகிறான்.

மன்னிப்பை மறதியென்று கொள்வோர் உளர். அது பொருந்தாது. உவமை இடம்பெறும் அதே அதிகாரத்தில், குற்றம் செய்தவனிடம் தனியே சென்று அவன் குற்றத்தை எடுத்துச் சொல்லுமாறு கூறப்படுகிறது. கணக்கு வாசிக்கப்பட்ட பின்னரே கடன் தள்ளப்படுகிறது. நியாயமான சம்பளத்தைத் தொழிற்சங்கத்தின் வாயிலாகக் கேட்பதற்கும் மன்னிப்பு தடையாகாது. மனந்திரும்பிய சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் அன்றோ? மன்னிப்பவன் கைவிடுவது பழிவாங்கும் எண்ணத்தையே, உண்மையையன்று.

1983ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி பதுளையிலே தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அதனை அனுபவித்தவரிடம், நடந்ததை மறந்துவிடும் என்று பிறர் சொல்வது எளிது. அவ்வாறு சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மன்னிப்பு என்பது இழந்தவர் தாமே மனமுவந்து அளிக்கும் கொடை. கட்டளையிட்டுப் பெறும் வரியன்று. தீங்கிழைத்த தரப்பினர்க்கு உரிய கடமை வேறு. முதலிற் சென்று உண்மையை ஒப்புக்கொள்வதே அது.

அக்கடமையை உணர்ந்து நடந்த ஒருவரை ஊவா அறியும். மலைத்தோட்டங்களுக்குக் கீழே, மொனராகலை மாவட்டத்தில் புத்தல என்னும் ஊர் உளது. 1818ஆம் ஆண்டு ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அப்பகுதியின் வீடுகளையும் பயிர்களையும் அழித்தனர். அங்குள்ள பௌத்த மக்களுக்குக் கிறிஸ்தவம், அழித்தவர்களின் சமயமாகவே தெரிந்தது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கேல் றொட்றிகோ அடிகளார் 1980ஆம் ஆண்டில் அங்குச் சென்று, 'சுப செத் கெதர' என்னும் சிறு இல்லத்தை அமைத்தார். எவரையும் மதம் மாற்ற முனையாது, கிராமத்தவரின் வறுமையிலே பங்குகொண்டு, அவர்களிடம் கற்றுக்கொள்பவராக வாழ்ந்தார். பழைய அழிவையும் அவர் மூடிமறைக்கவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, அவ்வில்லத்திலே திருப்பலி நிறைவேற்றும் வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காணிக்கையுடன் பீடத்தண்டை வருபவன், தன்மீது சகோதரனுக்குக் குறையுண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலிற் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது கிறிஸ்துவின் போதனை. அடிகளார் தம் சகோதரரை நாடி முன்னமே சென்றிருந்தார். அவர்கள் நடுவிலேதான் அவருடைய பீடமும் இருந்தது. கடன் கொடுத்தவன் விடுவிக்கவும் வேண்டும். கடன்பட்டவன் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஞாயிறுதோறும் சொல்லப்படும் அந்தச் சிறு செபம் இவ்விருவரையுமே அழைக்கிறது.