கடுக்காய் கட்டிய மாளிகை!

ஏமாற்றிவிட்டுப் போனவனைக் "கடுக்காய் கொடுத்துவிட்டான்" என்று சொல்கிறோம். பாவம், கடுக்காய் யாரையும் ஏமாற்றியதில்லை. நம் முன்னோர் எழுப்பிய மண்டபங்களும் மாளிகைகளும் அதற்குச் சாட்சி!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலைத் தாலுகாவின் தலைமை ஊர் இது. மலைவாழ் மக்கள் காட்டில் சேகரிக்கும் பொருள்களில் தேன், புளியோடு கடுக்காயும் ஒன்று. தோல் பதனிடுவதற்கும் மருந்துக்கும் அது பயன்படுவதை எல்லோரும் அறிவர். கட்டடத்துக்கும் அது உதவும் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கொத்தனாரின் ரசாயனம்

சிமென்ட் வருவதற்கு முன் சுண்ணாம்புச் சாந்துதான் கதி. கடுக்காயை இடித்து, வெல்லத்துடன் தண்ணீரில் பல நாள் ஊறவைப்பார்கள். புளித்த அந்த நீரை விட்டுச் சுண்ணாம்பையும் மணலையும் அரைப்பார்கள்.

இதில் என்ன விஞ்ஞானம் என்று கேட்கிறீர்களா? சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடி கல்லாகிறது. வெல்லம் புளிக்கும்போதும் இந்த வாயு பிறக்கிறது. ஆகவே சாந்துக்கு உள்ளேயிருந்தும் உதவி கிடைக்கிறது! வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தக் கலவையைச் சோதித்து ஆய்வுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். சீனாவிலோ பசை அரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தார்கள். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து, சுண்ணப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் நெருக்கிக் கட்டுகிறது என்று அந்நாட்டு விஞ்ஞானிகள் 2010ல் விளக்கினார்கள்.

சிப்பி சொல்லும் பாடம்

முத்துச் சிப்பியின் உட்புறம் பளபளக்கிறதே, அதில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு வெறும் சுண்ணப் பொருள்தான். மீதி, புரதம் முதலிய உயிர்ப் பொருள். அந்தச் சிறு பங்கு, செங்கல்லுக்கு இடையே சாந்து போல் நின்று, வெறும் படிகத்தைவிடப் பல மடங்கு உடையாமல் காக்கிறது. இயற்கையின் இந்த வித்தையைப் பார்த்துப் புதுப் பொருள்கள் செய்ய உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. நம் கொத்தனாரும் சுண்ணாம்பில் உயிர்ப் பொருளைச் சேர்த்த அளவில், அதே வழியில் நடந்தவர்தான்.

மாணவரால் முடியுமா?

பட்டம் பெறாத மாணவர் இதை ஆராய முடியுமா? தாராளமாக முடியும். வேண்டியவை சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், சில அச்சுகள். நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் பொறியியல் கல்லூரிகளில் உண்டு. உடைந்த துண்டில் பினால்ப்தலீன் ஒரு சொட்டு விட்டால், கல்லாக மாறாத பகுதி இளஞ்சிவப்பாகும்; மாறிய பகுதி நிறம் கொள்ளாது. இறுதியாண்டு மாணவர் ஆராய்ச்சிகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் பொருளுதவியும் அளிக்கிறது.

இடைஞ்சல் ஒன்றுதான். மாணவரின் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது நாலைந்து மாதம். சுண்ணாம்பு அதற்குள் முதிர்வதில்லை. நாலு மாதத்தில் முடிவு எழுதினால் அது அரைகுறை முடிவு. இதற்கு வழி உண்டு. இந்த ஆண்டு மாணவர் வார்த்த கட்டிகளை, தேதியும் அளவும் எழுதி, அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். கொத்தனார் தம் தொழிலை மகனிடம் ஒப்படைத்தது போல!

இதனால் என்ன லாபம்? பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடுகிறது. சரியான சாந்து கிடைத்தால் கோயிலும் மண்டபமும் பிழைக்கும். மற்றொன்று, மலையின் பிழைப்பு. கடுக்காய்க்கு மத்திய அரசு 2013-14லேயே குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் வகுத்தது. ஆனாலும் வாங்குவோர் பெருகினால்தானே விலை ஏறும்? எந்த அளவு கடுக்காய் சரி என்று ஒரு மாணவர் நிரூபித்துக் காட்டினால், புது வாங்குவோர் வருவார்கள்.

அந்த மாணவர் வெள்ளிமலையில் கடுக்காய் பொறுக்கிய வீட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டால், அதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?